உடைநெறி வாரியமும் சுண்டெலியின் மேலங்கியும்

அந்த நாட்டில் குதிரைக்கு இரும்புக் கவசம் உண்டு. கழுதைக்குக் கம்பளிப் போர்வை உண்டு. ஏழு தலை நாகத்துக்கு ஏழு தலைக்கும் தனித்தனியே மணிமுடி உண்டு. பெண்ணுக்கு மட்டும் வயிற்றை மூடும் துணி கிடையாது.

நாடு என்றதும் நிலப்படத்தில் தேட வேண்டாம். அது கணினித் திரைக்குள் இருக்கும் நாடு. ஒரு நிறுவனம் அதைக் கட்டியெழுப்பி, ஒரு கடலும் ஒரு பனிமலையும் எண்ணிறந்த கோட்டைகளும் வைத்து, இணையத்தின் வழியே எவரும் உள்ளே வந்து, ஆளுக்கோர் உருவம் எடுத்து வாளேந்தி விளையாட வழிசெய்திருந்தது. அங்கே மீன் பேசும். செத்தவர் எழுந்து நடப்பர். மலை கோபித்துக்கொண்டு இடம் மாறும். இவற்றில் எதுவும் இயற்கைக்கு மாறானது என்று எவருக்கும் தோன்றவில்லை. ஒரு பெண் கழுத்து முதல் கணுக்கால் வரை ஒரு மேலங்கியைப் போட்டுக்கொண்டால் மட்டும் இயற்கை குலைந்துவிடும் என்று அந்த நிறுவனம் அஞ்சியது. அஞ்சியதால் ஒரு வாரியம் அமைத்தது. உடைநெறி வாரியம் என்று அதற்குப் பெயரும் சூட்டியது.

அந்த வாரியத்தின் முன்னே போய் நின்றவர் ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர். கிடங்குக்காரர் என்பது தெருவில் அவருக்கு வழங்கிய பெயர். உறைந்த மீன் பெட்டிகளை வண்டியின் இரும்புக் கரங்களில் ஏந்தி, சுமை கண்ணை மறைக்கும்போது பின்னோக்கியே ஓட்டி, குறுகிய சந்துகளில் திருப்பி அடுக்குவது அவர் தொழில். விளையாட்டு என்றால் என்னவென்று அறியாமலே தலை நரைத்த மனிதர். அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அவருடைய ஒரே மகள் இறந்துவிட்டாள், அவளுடைய உருவம் மட்டும் இன்னும் அந்த நாட்டில், ஒரு சத்திரத்து வாசலில், யாருக்கோ காத்திருப்பதுபோல் நின்றுகொண்டிருக்கிறது.

மகளுக்கு இதயத்தில் கோளாறு. கடைசி இரண்டு ஆண்டுகள் கட்டிலைவிட்டு இறங்கினாலே மூச்சு வாங்கும். குளியலறைக்குப் போய் வருவதே அவளுக்கு ஒரு யாத்திரை. அந்தக் கட்டிலில் கிடந்தபடியே அவள் அந்த நாட்டுக்குள் நுழைந்தாள். தனக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்துக்கொண்டாள். ஓடினாள், தாவினாள், ஆற்றை நீந்தினாள், மதில் ஏறினாள். எந்நேரமும் அதையே கட்டிக்கொண்டு அழுகிறாயே என்று தந்தை கடிந்ததுண்டு. அவள் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் நகர்த்தி, "இருங்கப்பா, மலையில இருக்கேன்," என்பாள்.

அவள் போனபின் அந்தக் கணினியை மூட்டை கட்டி வைத்துவிடும்படி மனைவி சொன்னாள். மூட்டை கட்டுவதற்குமுன் ஒருமுறை திறந்துதான் பார்ப்போமே என்று கிடங்குக்காரர் திறந்தார். திறந்ததும் சத்திரத்து வாசலில் மகள் நின்றாள். அவர் பதறிப்போய் ஏதோ ஒரு விசையைத் தொட, அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

அப்போது சந்தைத் திருப்பத்திலிருந்து, மார்பு வரை தாடி தொங்கும் ஒரு முரட்டு வீரன் ஓடி வந்தான். "சுண்டெலி, வந்துட்டியா? எங்கடி போயிட்ட இத்தனை நாளா?" என்று திரையில் எழுத்து ஓடியது. கிடங்குக்காரருக்கு எழுத்தடிக்க வராது. கட்டில் முனையில் தொங்கிய ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு, தான் அவள் அப்பா என்றார். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னார். தாடிக்குள்ளிருந்து அழுகை வந்தது. அது ஒரு பெண்ணின் அழுகை.

மாலைதோறும் வேலை முடிந்து வந்ததும் அவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த நாட்டுக்குப் போகலானார். மகளின் தோழர்கள் அவருக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தார்கள். எங்கே திரும்புவதென்றாலும் முதலில் இரண்டு எட்டு பின்வாங்கிப் பிறகு திரும்புவது அவருடைய கைப்பழக்கம். தொலைவிலிருந்தே அதைக் கண்டு, "அதோ, அப்பா வர்றாரு," என்பார்கள். மகள் நடக்கிறாள் என்பதைத் தவிர அவருக்கு அந்த விளையாட்டில் வேறு எதுவும் தேவைப்படவில்லை.

தாடி என்று எல்லோரும் அழைத்த அந்த வீரன், வெளியுலகில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மகளின் தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்து காட்டியவள் அவள்தான். உள்ளே மடித்தபடி இருந்தது ஒரு மேலங்கி. சாம்பல் நிறம், தடித்த தோல், உள்ளே ரோமம், கழுத்து முதல் கணுக்கால் வரை நீளம். பனிமலையின் உச்சியில் ஒரு வெண்கரடி உண்டாம். அதைத் தனியாளாய் வீழ்த்துவோருக்கு அந்த அங்கி பரிசாம். படை திரட்டிப் போனவர்களே புறமுதுகிட்ட இடத்தில் சுண்டெலி தனியாக நின்று வென்றாளாம். வானத்தில் எக்காளம் முழங்கியதாம். "வீரத்தின் திலகமே வாழ்க" என்று எழுத்து மின்னியதாம். வாழ்த்து முடிந்ததும் அவள் அங்கியை எடுத்து மாட்டப் போக, "இவ்வுடை தங்கள் உருவத்துக்கு உரியதன்று" என்று அதே வானம் சொன்னதாம்.

பெண்களுக்கென்று பனிமலர்க் கச்சை என்ற ஒன்று இருந்தது. தோளில் இரண்டு விரல் அகலம் ரோமம், மார்பில் ஒரு பட்டை, இடுப்பில் ஒரு பட்டை, இடையில் வெட்டவெளி. மேலங்கியும் கச்சையும் ஒரே அளவு குளிர் தாங்கும் என்று விதி எழுதி வைத்திருந்தார்கள். குளிர் அந்த வெட்டவெளியைக் கண்டும் காணாததுபோல் தலையைக் குனிந்துகொண்டு போய்விட வேண்டும்.

"இங்க நீங்க பாக்குற தாடியில பாதி பொண்ணுங்கதாம்பா," என்றாள் தாடி. "எல்லாம் அந்தக் கோட்டுக்காக வச்ச தாடி. அவளையும் ஆம்பளையா மாறிக்கடின்னு சொன்னோம். மாட்டேன்னுட்டா. மலையேறினது நானு, கரடிய அடிச்சது நானு, கோட்ட மட்டும் எவனோ ஒருத்தன் வந்து மாட்டிக்கணுமான்னு கேட்டா. கடைசி வரைக்கும் பையிலயே வச்சிருந்தா."

தோழர்கள் எல்லாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பனிமலை உச்சியில் கூடி அவளுக்கு வணக்கம் செலுத்தப் போவதாகச் சொன்னார்கள். அன்றைக்கு ஒரே ஒரு பொழுது, அவள் அந்த அங்கியில் நின்றால் எப்படி இருக்கும் என்றாள் தாடி. அந்தச் சொல் கிடங்குக்காரருக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. மகளுக்கு இனிமேல் அவர் வாங்கிக்கொடுக்கக்கூடியது எதுவும் இல்லை. அவளே சம்பாதித்த ஒன்றை அவள் தோளில் போட்டுவிடுவது மட்டுமே மிச்சம்.

முதலில் அவர் உதவி மையத்தை நாடினார். தாடி எழுதிக்கொடுக்க, முறையீடு போயிற்று. கண் இமைப்பதற்குள் பதில் வந்தது. எழுதியது மனிதரல்லர், இயந்திரம். "தங்கள் வருத்தம் எங்கள் வருத்தம். அதனைப் போக்கும் பொருட்டுத் தங்கள் பனிமலர்க் கச்சையை இளஞ்சிவப்பு நிறத்துக்கு மாற்றித் தந்துள்ளோம்." திரும்பிப் பார்த்தால் மகள் இளஞ்சிவப்பில் நின்றாள். பழைய நிறத்தையாவது திருப்பித் தரும்படி மறுபடியும் எழுதினார்கள். அந்த வருத்தத்தையும் தன் வருத்தமாக ஏற்றுக்கொண்ட இயந்திரம், தலையில் ஒரு பூவைச் செருகிவிட்டது. மூன்றாவது முறை எழுதினால் என்னென்ன கழன்று விழுமோ என்று அஞ்சி அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த நிறுவனத்துக்கு அவர்கள் நகரத்திலேயே ஓர் அலுவலகம் இருந்தது. கிடங்குக்காரர் விடுப்புப் போட்டுவிட்டு, திருமணங்களுக்கு மட்டும் எடுக்கும் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். கண்ணாடிக் கட்டடம். உள்ளே குளிர், கோட்டணிந்த ஆண்களின் உடம்புக்கு அளந்து வைக்கப்பட்டிருந்தது. வரவேற்பில் இருந்த பெண் ஒரு சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு, விரல் நுனிகளைத் தேநீர்க் கோப்பையில் சூடேற்றியபடி அவரை மேல்மாடிக்கு அனுப்பினாள். குளிருக்குள் நுழையுமுன் கோட்டு மாட்டிக்கொள்ளும் கிடங்குப் பழக்கத்தால் அவர் சுவரில் கோட்டு மாட்டும் கொக்கி இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை.

மேல்மாடியில் உடைநெறி அலுவலர் இருந்தார். இளைஞர்; கனிவானவர்; எதிரில் இருப்பவர் பேசப் பேசத் தலையாட்டுவதில் பயிற்சி பெற்றவர். சுண்டெலியின் உருவத்தைத் தன் திரையில் வரவழைத்து மேலும் கீழும் நோக்கினார். அவள் பெற்ற வெற்றிகளையெல்லாம் வாய்விட்டு வியந்தார். இத்தனை தகுதியுள்ள ஒரு வீராங்கனையைத் தாம் கண்டதே இல்லை என்றார். பிறகு ஒரு யோசனை சொன்னார்.

"சின்ன மாத்தம்தாங்க. ஆண்னு மாத்திட்டாப் போதும், கோட்டு தானா உக்காந்துக்கும். மத்தபடி எல்லாத் தகுதியும் இருக்கு. பொண்ணுன்ற ஒண்ணு மட்டுந்தான் இடிக்குது."

"அவ அது வேணாம்னுட்டாளாம்ங்க," என்றார் கிடங்குக்காரர்.

"யாரு?"

"எம்பொண்ணு."

"அப்ப அவங்களையே நேர்ல வரச் சொல்லுங்களேன். நான் எடுத்துச் சொல்றேன்."

"அவ இறந்துட்டாளுங்க."

அலுவலரின் தலையாட்டம் நின்றது. எழுந்து வந்து கிடங்குக்காரரின் கையைப் பற்றிக்கொண்டார். அந்த வருத்தம் பொய்யன்று. பற்றிய கையை விட்டுவிட்டு இருக்கைக்குத் திரும்பியதும் அவர் கணினியில் எதையோ தட்டினார். இனி இது தன் மேசைக்குரிய விவகாரம் அல்ல, வாரியமே விசாரிக்கும் என்றார். கிடங்குக்காரர் நன்றி சொன்னார். தட்டப்பட்டது என்னவென்று கேட்க வேண்டும் என அவருக்குத் தோன்றவில்லை. ஆறுதல் சொன்ன மனிதரிடம் யார்தான் கேட்பார்கள்?

வாரியம் கூடிய மண்டபத்தில் நீண்ட மேசை ஒன்று இருந்தது. அதன் நடுவில் தலைவர். வலப்புறம் மரபு அறிஞர், இடப்புறம் உடல் அளவியல் வல்லுநர். மேசை முடிந்து சுவர் தொடங்கும் இடத்தில் பெண்கள் நலப் பிரதிநிதி. அவரும் ஒரு சால்வை போர்த்தியிருந்தார். கிடங்குக்காரரை ஒரு சுழல் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அது அவரைச் சுவர்ப்பக்கமே திருப்பிக்கொண்டிருந்தது; ஒரு காலை ஊன்றி, பின்வாங்கி, அதை நேர்ப்படுத்தியபடியே அவர் விசாரணை முழுவதையும் கேட்டார்.

மரபு அறிஞர் முதலில் எழுந்தார். அந்த நாட்டின் ஆடை மரபு ஆயிரமாயிரம் ஆண்டுகள் பழைமை வாய்ந்தது என்றும், ஆதி அரசியே பனிமலர்க் கச்சை அணிந்துதான் முடிசூடினாள் என்றும், அதில் கைவைப்பது ஒரு பண்பாட்டின் வேரில் கைவைப்பதாகும் என்றும் கண்கலங்க உரைத்தார். இந்த நாடு எப்போது உண்டாக்கப்பட்டது என்று கிடங்குக்காரர் தெரியாமல்தான் கேட்டார். பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு என்றார் அறிஞர். அந்த ஆயிரமாயிரம் ஆண்டுகளை எழுதியது யார் என்று அவர் கேட்கவில்லை. ஆயினும் அறிஞர் தாமாகவே, பெருமிதத்துடன், தாமே எழுதியதாகவும், ஒரு வாரத்தில் எழுதி முடித்ததாகவும் தெரிவித்தார்.

அளவியல் வல்லுநர் தொழில்நுட்பக் காரணம் சொன்னார். அந்த அங்கி ஆணுடலுக்கு அளந்து வெட்டியது. பெண்ணுடலில் போட்டால் தோள் துருத்தும், துணி உடம்புக்குள் புகுந்துவிடும், அழகு கெடும். புதிதாய் வெட்டினால் என்ன என்று கேட்டார் கிடங்குக்காரர். ஏழு தலை நாகத்துக்கு மணிமுடி அளந்ததிலேயே பல மாதங்கள் கழிந்துவிட்டதால் பெண்களுக்கு அளவெடுக்க நேரம் கிட்டவில்லை என்று வல்லுநர் மனமார வருந்தினார். நாகம் யாருக்கு வேண்டும் என்று கேட்டால், நாகத்தை எல்லாரும் உற்றுப் பார்க்கிறார்கள் என்றார். பெண்களையும் பார்க்கிறார்கள், ஆனால் பார்ப்பது அளவை அல்ல என்றார். மேசையில் இருந்த ஆண்கள் சிரித்தார்கள். அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

பெண்கள் நலப் பிரதிநிதிக்கும் பேச வாய்ப்பு வழங்கப்பட்டது. பெண்களின் குரலைக் கேட்பதற்காக ஒரு பெரும் ஆய்வு நடத்தினோம் என்றார். "உங்கள் கச்சைக்கு எந்த நிறம் வேண்டும்?" என்பது ஆய்வின் ஒரே கேள்வி. தங்களுக்கு நிறம்தான் குறை என்பதைப் பெண்கள் அனைவரும் ஒருமனதாகத் தெரிவித்துவிட்டார்கள். இதைச் சொல்லிவிட்டு அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் சால்வையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

பிறகு தலைவர் எழுந்தார். மேடைக்கென்றே வார்த்தெடுத்த குரல்.

"பெண்மையை எங்களைப்போல் போற்றியவர் எவருமிலர். எங்கள் விளம்பரப் பலகை எதை வேண்டுமானாலும் பாருங்கள். முன்னே நிற்பவள் பெண், பின்னே நிற்பவன் ஆண். அவளுக்கும் கணுக்கால் வரை கோட்டை மாட்டிவிட்டால், அவளை முன்னே நிறுத்துவதற்கு எங்களுக்கு என்ன காரணம் மிஞ்சும்? உங்கள் மகள் கரடியை வென்றதை நாங்கள் மறுக்கவில்லை. வென்றவள் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்தால் போதாதா? பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?"

கிடங்குக்காரரின் நாற்காலி சுவர்ப்பக்கம் திரும்பியது. அவர் அதை நேர்ப்படுத்தவில்லை. கடைசியாகச் சொன்ன அந்த வாக்கியம் அவருக்கு அறிமுகமானது. அது அவருடையது.

மகள் பள்ளி முடித்த ஆண்டு ஒருநாள், கிடங்கிலிருந்து அவர் போட்டு வந்த தடித்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, கை மறைய, முழங்கால் மறைய, கடைக்குக் கிளம்பினாள். வாசலில் மறித்து, பொம்பளைப் பிள்ளை இதைப் போட்டுக்கொண்டு தெருவில் போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவர்தான் கழற்றச் சொன்னார். அந்த வாரியத்துக்கு மேசை இல்லை, மண்டபம் இல்லை, மரபு எழுத ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை. ஒரு வாசற்படி போதுமாயிருந்தது. அவளும் எதிர்த்துப் பேசாமல் கழற்றிக் கொடுத்துவிட்டு, குளிரெடுத்தவள்போல் கைகளைக் கட்டிக்கொண்டு போனாள்.

தலைவர் முடிவுரைக்கு வந்திருந்தார். வாரியம் கல்நெஞ்சம் படைத்ததன்று என்றார். இந்தத் தந்தையின் கண்ணீர் தங்களை உருக்கிவிட்டது என்றார். கிடங்குக்காரர் அழுதிருக்கவில்லை. விதிகளைத் துருவி ஆராய்ந்ததில் ஒரு வழி புலப்பட்டதாம். தடை என்பது உயிருள்ள பெண்ணுருவுக்குத்தான். சிலை, தூண், மணிக்கூண்டு முதலான பொருள்களுக்கு ஆண் பெண் பேதம் கிடையாது. ஆகவே சுண்டெலியைச் சிலையாக்கி, அந்த அங்கியை அணிவித்து, சந்தைச் சதுக்கத்தில் நிறுத்தலாம். பீடத்தில் வாரியத்தின் கருணை பொறிக்கப்படும்.

"செல அசையாதுங்களே?" என்றார் கிடங்குக்காரர்.

அசையாமையே சிலைக்கு அழகு என்றார் தலைவர்.

"உசுரோட நடக்கிற வரைக்கும் போடக்கூடாது. கல்லாப் போயிட்டாப் போட்டுக்கலாம். அதானுங்களே?"

தலைவரின் முகம் மலர்ந்தது. தம் நெறியை இத்தனை சுருக்கமாக, இத்தனை தெளிவாக இதுவரை எவரும் எடுத்துரைத்ததில்லை என்று பாராட்டி, அந்த வாக்கியத்தை நடவடிக்கைக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளும்படி பணித்தார்.

வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்று கிடங்குக்காரர் கேட்டபோது, அளவியல் வல்லுநர் மெல்லிய குரலில் விளக்கினார். இறந்தவரின் உருவத்தை இன்னொருவர் இயக்குவது விதிமீறல். அலுவலரிடம் அவரே மரணத்தைத் தெரிவித்துவிட்டார், அது பதிவாகிவிட்டது. சிலையாக்க ஒப்புக்கொண்டால் நல்லது. இல்லையேல் வரும் ஞாயிறு பொழுது சாயும் வேளையில் சுண்டெலி அழிக்கப்படுவாள். தோழர்கள் வணக்கம் செலுத்தக் குறித்திருந்ததும் அதே ஞாயிறுதான். மகளுக்கு ஒரு கோட்டுக் கேட்கப் போனவர், மகளை இரண்டாம் முறை சாகக் கொடுத்துவிட்டு, வாரியத்தாரோடு சேர்ந்து நின்று நிழற்படமும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். படத்தில் அவர் தோள்மேல் தலைவரின் கை இருந்தது.

மனைவி ஓர் அச்சகத்தில் தாள் மடிக்கிறவள். வீட்டில் எதைக் கண்டாலும் நான்காக மடித்துவிடும் கைகள். மகளின் போர்வையை மடித்துக்கொண்டே அவர் சொன்னதையெல்லாம் கேட்டாள். வாரியத்தையும் சொன்னார், சிலையையும் சொன்னார். வாசற்படியில் கோட்டைக் கழற்றச் சொன்னதையும், இத்தனை காலம் கழித்து, தலையைக் குனிந்தபடி சொன்னார்.

"தெரியும். நான் அடுப்படியிலதானே இருந்தேன்," என்றாள் அவள்.

"அத மனசுல வச்சுக்கிட்டுத்தான் மலையேறினாளோ என்னவோ."

"உங்களையே நெனச்சுக்கிட்டு இருக்க அவளுக்கு வேற வேலை இல்லையா? குளிருச்சு. கோட்டுக் கேட்டா. அவ்வளவுதான்."

சிலைக்கு ஒப்புக்கொண்டால் அவள் இருப்பாளே என்றார் அவர். எங்கேயோ ஓரிடத்தில், அவள் ஆசைப்பட்ட உடுப்போடு, என்றைக்கும் இருப்பாளே. மனைவியின் கைகள் போர்வையை மடிப்பதை நிறுத்தின.

"ரெண்டு வருஷம் இந்தக் கட்டில்ல அசையாமக் கெடந்தா. அவ ஓடினது அங்க மட்டுந்தான். அங்கயும் கொண்டுபோய் அசையாம நிறுத்திடலாம்ங்கிறீங்களா?"

அவர் சிலைக்கு ஒப்புதல் அனுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் இருவரும் கணினியின் முன் அமர்ந்தார்கள். அவர் நாற்காலியில், அவள் கட்டிலில். அன்று சுண்டெலியைப் பிறர் சுமந்து செல்லவோ மாயக் கதவு வழியே அனுப்பவோ அவர் விடவில்லை. தானே நடத்திச் சென்றார். சந்தை கடந்து, ஆறு கடந்து, பனிப் பாதையின் ஒவ்வொரு வளைவிலும் இரண்டு எட்டுப் பின்வாங்கித் திரும்பி, ஏறினார். ஓரிடத்தில் பாறை பெயர்ந்து கிடந்தது. மகளின் உருவம் தயங்கி நின்று, பிறகு, எவரும் சொல்லித்தராமலே அவர் சரியான விசையைத் தட்ட, தாவிக் கடந்தது. "எம்மாடி," என்றாள் மனைவி. அவளுக்கு மகள் தாவிப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

உச்சியில் தோழர்கள் காத்திருந்தார்கள். எல்லாரும் சாம்பல் நிற மேலங்கியில், எல்லாரும் தாடியோடு, வரிசையாக. அவர்கள் நடுவே இளஞ்சிவப்புக் கச்சையும் தலையில் ஒரு பூவுமாக அவள் போய் நின்றாள். பனி அவள் வயிற்றில் விழுந்தது. பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

மனைவி கையை நீட்டினாள். கிடங்குக்காரர் ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்தார். அவள் அதை மாட்டிக்கொள்ளத் தெரியாமல், ஒரு காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏம்மா, அந்தக் கோட்டக் கீழ போட்டா, ஆம்பளையா பொம்பளையான்னு கேக்குமா?"

"கேக்காதும்மா," என்றாள் தாடி. "கீழ கெடந்தா அது வெறும் துணிதான்."

"அப்ப அவளப் படுக்க வைங்க."

படுப்பதற்கு ஒரு விசை உண்டு. சத்திரங்களில் களைப்பாறுவதற்காக வைத்தது. கிடங்குக்காரர் அதைத் தொட்டார். சுண்டெலி பனியின்மேல் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்தாள். அவர் பையைத் திறந்தார். மடித்து வைத்திருந்த அங்கியை எடுத்தார். அணிவிக்கப் போகவில்லை, அவள்மேல் போட்டார். வானம் மறுப்புச் சொல்லவில்லை. இப்படி ஒரு வழி இருப்பது வாரியத்துக்கு அதுவரை தெரியாது. தெரிந்ததும் மறுநாளே அவசரமாகக் கூடி, தரையில் கிடக்கும் துணிக்கும் ஆண் பெண் வகுத்துத் தீர்மானம் போட்டார்கள்.

அங்கி அவளை முழுதாக மூடவில்லை. பாதம் தெரிந்தது. தாடி தன் அங்கியைக் கழற்றிப் பாதத்தின்மேல் போட்டாள். அடுத்தவர் கழற்றினார். அதற்கடுத்தவரும் கழற்றினார். கழற்றியவர்கள் வெற்று மார்போடு பனியில் நின்றார்கள். குளிர் அவர்கள் உயிரைத் துளித்துளியாகக் குறைத்துக்கொண்டிருந்ததைத் திரையின் ஓரத்துச் சிவப்புக் கோடுகள் காட்டின. எவரும் நகரவில்லை. வழியில் போன முன்பின் தெரியாத சிலரும் நின்று, கேட்டு, கழற்றிப் போட்டுவிட்டு நின்றார்கள். இளஞ்சிவப்பு மறைந்தது. பூ மறைந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு குவியல் மட்டும் இருந்தது. மனைவியின் கை கட்டிலில் கிடந்த போர்வையின் விளிம்பைப் பிடித்து, மெல்ல மேலே இழுத்துவிட்டது.

திரை இருண்டது. "உரியவர் இறந்தமையால் இக்கணக்கு முடிக்கப்பட்டது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி" என்று எழுத்து வந்தது. எழுத்தும் போயிற்று. திரைக் கண்ணாடியில் அவர்கள் இருவரின் முகங்கள் தெரிந்தன.

சற்றுப் பொறுத்து அவர் கைபேசி ஒலித்தது. மருந்துக்கடைப் பெண்தான். தான் இன்னும் உச்சியில்தான் நிற்பதாகச் சொன்னாள். கிடங்குக்காரர் இருவருக்கும் கேட்கும்படி கைபேசியைக் கட்டிலின்மேல் வைத்தார்.

"கோட்டெல்லாம் அப்படியே இருக்குப்பா. அடியில ஆள் இல்ல. குவியல் மட்டும் மெல்லக் கீழ எறங்கிடுச்சு, மூச்ச விட்ட மாதிரி."

அவர் கைபேசியின் பக்கம் குனிந்தார்.

"உனக்குக் குளிருமேம்மா. உங்கோட்ட எடுத்துப் போட்டுக்க."

"போட்டுக்கிறேம்பா," என்றாள் அவள். "கொஞ்ச நேரம் ஆகட்டும்."